நீக்கிய பதினொரு வரிகள்

வீட்டில் அவளை எலி என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு வயதில் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை அகல இடுக்கில் புகுந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்ததால் அக்கா வைத்த பெயர். இப்போது இருபத்தைந்து வயது. பட்டம் வாங்கி, ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மென்பொருள் வேலையும் பார்க்கிறாள். பெயர் மட்டும் விட்டுப் போகவில்லை. நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைப் பொதுவில் போட்டு வைக்கும் இணையதளத்திலும் அவள் எலிதான்.

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். அம்மா லாண்டரியில் துணி தேய்க்கிறாள். அக்கா பள்ளி முடித்த கையோடு ஒரு வருடப் பயிற்சி எடுத்து, குழந்தைகள் மருத்துவமனையில் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் டெக்னீஷியன் ஆகிவிட்டாள். மூவராலும் தங்கள் வேலையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடியும். எலிக்குத்தான் அது வராது.

"ஆபீஸ் வேலை சரி. லீவு நாள்லயும் உக்காந்து தட்டிக்கிட்டே இருக்கியே, அது என்னடி?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"பெரிய ஃபைலைச் சின்னதாக்குறதும்மா. வேணுங்கறப்போ திரும்பப் பழையபடி பெரிசாக்கிக்கலாம்."

அம்மா நாலு சுவரையும் ஒரு சுற்று பார்த்தாள். "அப்ப மொதல்ல இந்த வீட்டைப் பெரிசாக்கு. கால நீட்டிப் படுக்கலாம்."

அப்பாவுக்கு டீ புரையேறியது.

உண்மையில் சின்னதாக்குவதுகூட எலியின் வேலை இல்லை. அதைச் செய்யும் லைப்ரரியை, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆயத்த நிரலை, கெட்டிக்காரர்கள் சிலர் எப்போதோ சி என்ற கணினி மொழியில் எழுதிவிட்டார்கள். வேறொரு மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் அதனிடம் நேரடியாகப் பேச முடியாது. நடுவே ஒரு துபாஷி வேண்டும். இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொல்லி, அந்தப் பக்கம் சொன்னதை இந்தப் பக்கம் சொல்ல வேண்டும். அந்தத் துபாஷிக்குப் பைண்டிங் என்று பெயர். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வேலை அதிகமாகி, "இனி நீ பார்த்துக்கொள்" என்று இரண்டு வரி மின்னஞ்சலில் சாவியை எலியிடம் கொடுத்துவிட்டுப் போனார். முகம் பார்த்ததில்லை. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ ஆயிரம் பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று தளத்தில் ஒரு எண் காட்டும். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமை வருவதற்கு முன்னால் பயம் வரும்.

கல்லூரிச் சேர்க்கைப் பட்டியலில் தன் பெயரை மூன்று முறை படித்து, பிறகு தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து நாலாவது முறையும் படித்தவள் அவள். யாரோ அசந்த நேரத்தில் தன்னை உள்ளே விட்டுவிட்டார்கள், தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற நினைப்பு பட்டம் வாங்கிய பிறகும் போகவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று மாடிப்படியில் பாதி இறங்கித் திரும்பி வருகிறவள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு காரியத்தைச் சந்தேகப்படாமல் செய்தாள்.

கெட்டிக்காரர்கள் தங்கள் லைப்ரரியின் புது வெர்ஷனை வெளியிட்டிருந்தார்கள். அதற்கு ஏற்ப எலி தன் பைண்டிங்கைப் புதுப்பிக்க வேண்டும். மூன்று வாரம் மாலைதோறும் உட்கார்ந்தாள். பழைய நிரலில், சுருக்கிய ஃபைலைப் பிரிக்கிற இடத்தில், எதற்கென்று தெரியாமல் பதினொரு வரிகள் இருந்தன. ஒரு துண்டைப் பிரித்து முடித்த பிறகு, பின்னால் இன்னும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று அவை திரும்பத் திரும்பப் பார்த்தன. கையேட்டைப் புரட்டினாள். பல துண்டுகள் ஒட்டியிருந்தாலும் எல்லாவற்றையும் லைப்ரரியே பிரித்துவிடும் என்று எழுதியிருந்தது. அப்படியானால் இது வேண்டாத வேலை. பதினொரு வரிகளையும் நீக்கினாள். நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டியது. அலமாரியை ஒழித்துச் சுத்தம் செய்த மாதிரி மனசு லேசாக இருந்தது. வியாழக்கிழமை மாலை புதிய பைண்டிங்கை வெளியிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் துணி காயப்போட்டுவிட்டு வந்து கணினியைத் திறந்தபோது, முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து ஒரு செய்தி இருந்தது. "புது வெர்ஷன் போட்டதிலிருந்து என் ஃபைல்கள் குறைந்த அளவில் பிரிகின்றன. பிழை எதுவும் காட்டவில்லை. நான் ஏதாவது தப்பாகச் செய்கிறேனா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அவளைச் சுருக்கென்று தைத்தது. எப்போதும் அவள் தன்னையே கேட்டுக்கொள்கிற கேள்வி அது.

ஈரக் கையோடு ஒரு சின்னச் சோதனை செய்தாள். "முதல் நாள்" என்று எழுதிச் சுருக்கினாள். "இரண்டாம் நாள்" என்று எழுதிச் சுருக்கி அதன் வாலில் ஒட்டினாள். பிரித்துப் பார்த்தாள். "முதல் நாள்" மட்டும் வந்தது. பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை.

கையேட்டை மறுபடி எடுத்தாள். அவள் படித்த வரி, மொத்த ஃபைலையும் ஒரே மூச்சில் பிரிக்கிற முறைக்கு எழுதப்பட்டது. பைண்டிங் பயன்படுத்துவதோ கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கிற முறை. அங்கே ஒவ்வொரு துண்டு முடியும்போதும் லைப்ரரி, "இந்தத் துண்டு முடிந்தது" என்று மட்டும் சொல்லும். அடுத்ததைக் கேட்டு வாங்குவது துபாஷியின் பொறுப்பு. எலியின் துபாஷியோ முதல் வாக்கியம் முடிந்ததுமே, "அவ்வளவுதானாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கிறது. அவளுடைய டெஸ்ட் எதிலும் ஒட்டின ஃபைல் ஒன்றுகூட இல்லை.

தளத்தில் அந்த வெளியீட்டைத் திரும்பப் பெறும் பொத்தானை அழுத்தினாள். காரணம் என்று ஒரு கட்டம் கேட்டது. "சிறு பிழை" என்று எழுதினாள். அழுத்திய விரல் கட்டத்திலிருந்து நகர்வதற்குள் அக்காவின் லேப் ஞாபகத்துக்கு வந்தது.

அக்காவின் லேபில் குழந்தைகளின் மார்பில் ஒயர் ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி அனுப்புவார்கள். ஒரு நாள் முழுக்க இதயம் துடிப்பதை அது பதிவு செய்யும். திரும்பக் கொண்டு வந்ததும் பதிவைக் கணினியில் ஏற்றிவிட்டு, பெட்டியில் இருப்பதை அழித்து, துடைத்து, அடுத்த குழந்தைக்குக் கட்டுவார்கள். குழந்தைக்கு ஒரு ஃபைல். ஒவ்வொரு தடவை வரும்போதும் புதிய பதிவு சுருக்கப்பட்டு அந்த ஃபைலின் வாலில் ஒட்டும். ஆறு மாதம் முன்பு கணினியில் இடம் தீர்ந்துபோய் அக்கா புலம்பியபோது, எலிதான் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தாள். வாராவாரம் சனிக்கிழமை மூன்று மணிக்கு அது எல்லா ஃபைலையும் பிரித்து, ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாக இன்னும் இறுக்கமாகச் சுருக்கி ஒட்டி வைத்து, பழையதை அழித்துவிடும். அந்த ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி, பைண்டிங்கில் புதியது வந்தால் தானாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னது. தன் சொந்தப் பைண்டிங்தானே என்ற தைரியம். வியாழக்கிழமை வெளியிட்டது வெள்ளிக்கிழமை காலையே அங்கே போய் உட்கார்ந்திருக்கும். இப்போது தளத்திலிருந்து எடுத்தும் பயனில்லை.

இதற்கு மேலிடத்தில் அனுமதி வாங்கவில்லை. "என் தங்கச்சி படிச்சவ, அவ செஞ்சா சரியா இருக்கும்" என்று அக்காவே முடிவு பண்ணிக்கொண்டாள்.

மணி இரண்டு இருபது.

அக்காவின் கைப்பேசி அடித்து அடித்து ஓய்ந்தது. வேலை நேரத்தில் லாக்கரில் வைத்துவிட வேண்டும். லேபின் எண்ணுக்குக் கூப்பிட்டாள். வரவேற்பில் இருக்கும் பெண் எடுத்தாள்.

"அக்கா... டெக்னீஷியன் இருக்காங்களா? கொஞ்சம் அவசரம்."

"உள்ள குழந்தைக்கு ஒயர் ஒட்டிக்கிட்டு இருக்காங்கம்மா. இப்ப கூப்பிட்டா அது அழும், அழுதா ஒயர் நிக்காது. என்ன விஷயம்?"

"மூலையில ஒரு கம்ப்யூட்டர் இருக்கில்ல, அதைக் கொஞ்சம் ஆஃப் பண்ணிடுங்களேன்."

"நீங்க யாரு?"

"தங்கச்சி."

"தங்கச்சி சொன்னாங்கன்னு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரை அணைச்சா என்னை அணைச்சிடுவாங்கம்மா. அதுவும் அது மேல 'எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள்'னு கொட்டை எழுத்துல ஒட்டியிருக்கு."

அந்தக் காகிதத்தை ஒட்டியதும் எலிதான்.

அப்போது அவள் சொல்லியிருக்க வேண்டும். அதில் நான் எழுதிய ஸ்கிரிப்ட் இருக்கிறது, அது தப்பு, மூன்று மணிக்குப் பதிவுகளை அழித்துவிடும், டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்காது. வாய்வரை வந்தது. சொன்னால் அனுமதி இல்லாமல் வைத்தது வெளியே வரும், அக்காவின் வேலைக்கு உலை வைத்த மாதிரி ஆகும் என்று தோன்றியது. தன் பெயரும் அதில் இருக்கும் என்பதும் தோன்றாமல் இல்லை.

"பரவாயில்லங்க. நானே நேர்ல வந்துடறேன்" என்று வைத்துவிட்டாள்.

சாதாரணமாக அங்கே போக முப்பத்தைந்து நிமிடம். அன்றைக்குப் பார்த்துப் பஸ் வர பத்து நிமிடம் ஆயிற்று. பாலத்துக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்று பின்னுக்கும் முன்னுக்கும் நகர்ந்துகொண்டிருந்தது. எலி எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"எழுந்து நின்னா பஸ் சீக்கிரம் போகுமாம்மா?" என்றார் கண்டக்டர்.

"லேட்டாயிடுச்சுங்க."

"டிரைவருக்கும்தான் லேட்டு. உக்காரு."

மூன்று மணி ஆனபோது அவள் இன்னும் பாலத்தின் மேல் இருந்தாள். கைப்பேசியில் மணி மாறுவதைப் பார்த்தாள். ஒரு ஃபைலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அரை நிமிடம். அது தெரியாமல் இருந்திருக்கலாம்.

மூன்று பன்னிரண்டுக்கு லேபுக்குள் ஓடினாள். வரவேற்புப் பெண், "ஏம்மா, ஏம்மா" என்று எழுந்தாள். உள்ளே மேஜையில் ஒரு குட்டிப் பெண் சட்டையில்லாமல் படுத்திருக்க, அக்கா அவள் மார்பில் கடைசி ஸ்டிக்கரை அழுத்திக்கொண்டிருந்தாள். எலி யாரையும் பார்க்கவில்லை. மூலைக் கணினியின் பின்னால் குனிந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஏய் எலி! என்னடி பண்றே?"

மேஜையில் கிடந்த குழந்தை எட்டிப் பார்த்து, "எலியா? எங்க?" என்று காலைத் தூக்கிக்கொண்டது.

அக்கா குழந்தையின் தோளைத் தட்டினாள். "எலி இல்லடா கண்ணு. என் தங்கச்சி. கொஞ்சம் லூசு. நீ ஆடாம படு." பிறகு தங்கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்ததுமே விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது. "ஸ்டோர் ரூம்ல நில்லு. அஞ்சு நிமிஷத்துல வரேன்."

ஸ்டோர் ரூமில் ஜெல் டப்பாக்களுக்கும் பஞ்சுக் கட்டுகளுக்கும் நடுவே நின்று எலி சொன்னாள். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "எத்தனை?" என்று மட்டும் கேட்டாள்.

கணினியின் இணைய ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி உயிர் கொடுத்து, ஸ்கிரிப்ட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இருபத்துமூன்று ஃபைல்கள் முடிந்திருந்தன. இருபத்துமூன்றிலும் முதல் தடவைப் பதிவு மட்டும் இருந்தது. மீதி நூற்றுச் சொச்சம் ஃபைல்களைத் தொடவில்லை.

"வாராவாரம் திங்கக்கிழமை காலையில நான் ஒரு டிஸ்க்ல எல்லாத்தையும் காப்பி எடுத்து அலமாரியில வைப்பேன்" என்றாள் அக்கா.

"நான் அப்படிச் சொல்லலியே?"

"நீ சொன்னாத்தான் செய்யணுமா? புதுசை நம்பிப் பழசைத் தூக்கிப் போடறவ நான் இல்ல."

எலிக்கு ஒரு கணம் காலடியில் தரை திரும்ப வந்த மாதிரி இருந்தது. ஆனால் திங்கட்கிழமைக்குப் பிறகு வந்தவர்கள்? அக்கா பதிவேட்டை விரித்து, விரலை வைத்து நகர்த்தினாள். அந்த இருபத்துமூன்றில் இந்த வாரம் பெட்டி கட்டிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்தவர்கள் ஆறு பேர். சட்டென்று டிராயரை இழுத்து, பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒன்று இன்னும் அழிக்கப்படாமல் இருந்தது.

"ஒண்ணு பொழைச்சுது. மீதி அஞ்சு."

ஐந்தையும் அக்கா எண்ணால் சொல்லவில்லை. "கண்ணாடி போட்ட பையன். இந்த ரெட்டைப் புள்ளைங்கள்ல சின்னது. டைனோசர் சட்டை. வாயே திறக்காத பொண்ணு." ஐந்தாவதில் விரல் நின்றது. "இவன் ரயில்ல வர்றவன். ரெண்டு நாள் பயணம். செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா இவன் பதிவைப் பார்த்துட்டு மருந்தைக் குறைக்கலாமான்னு சொல்றதா இருந்தாங்க. அந்த மருந்து சாப்பிட்டா பள்ளிக்கூடத்துல தூங்கித் தூங்கி விழறானாம். அவங்கம்மா நாள் எண்ணிக்கிட்டு இருக்கா."

எலி பஞ்சுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா கதவைச் சாத்தினாள். "இதோ பாரு. கரண்ட் போயிடுச்சு, கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லிடறேன். இங்க மாசத்துக்கு ரெண்டு தடவை போகுது. யாரும் கேக்கமாட்டாங்க."

யாரும் கேட்கமாட்டார்கள் என்பது உண்மைதான். எலி அதை நினைத்துப் பார்த்தாள். வரவேற்புப் பெண்ணிடம் சொல்லாமல் வைத்த அந்த அரை நிமிடத்தையும் நினைத்துப் பார்த்தாள். அப்போது அக்காவைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து அவள் செய்ததற்கு விலையாகத்தான் இந்த இருபத்துமூன்று. இனி ஒரு தடவை அதையே செய்ய அவளிடம் தைரியம் இல்லை.

"நான் டாக்டரம்மாகிட்டப் பேசறேங்க்கா."

"உனக்குப் பேச்சே வராதேடி."

"வராட்டாலும் பேசறேன்."

டாக்டரம்மா ஒரு கையில் பேனாவும் மறு கையில் பாதி பிஸ்கட்டுமாக இருந்தார். எலி நின்றுகொண்டே சொன்னாள். கையேட்டில் எந்த வரியைத் தப்பாகப் படித்தாள் என்பதைக்கூடச் சொல்லிவிட்டாள். அது அவருக்கு எதற்கு என்று தெரியவில்லை. அக்கா பின்னால், "நான்தான் மேடம் கேக்காம வெச்சேன்" என்றாள்.

அவர் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். "எத்தனை குழந்தை?"

"அஞ்சு, மேடம்."

"எந்தெந்த நாள் பதிவுன்னு காகிதத்துல எழுதிக் குடு. அஞ்சு பேரையும் இன்னிக்கே கூப்பிட்டுச் சொல்லணும். அந்த ஸ்கிரிப்ட்டை இப்பவே எடுத்துடு." பிறகு எலியை நிமிர்ந்து பார்த்தார். "இது எங்க லேப்ல மட்டும்தானா? வேற எங்கயாவது இருக்கா?"

"ஸ்கிரிப்ட் இங்க மட்டும்தான். ஆனா அந்த பைண்டிங்... யார் யார் வெச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது மேடம்."

"அவங்களுக்கு இது தெரியுமா?"

எலி வாயைத் திறந்தாள். சிறு பிழை என்று எழுதிவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு இங்க நின்னு என் முகத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கே? போய்ச் சொல்லு." அக்காவைப் பார்த்து, "நீ திங்கக்கிழமை விளக்கம் எழுதிக் குடு. என்ன செய்யறதுன்னு நான் அப்புறம் சொல்றேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்று எலிக்குத் தோன்றியது.

வரவேற்பில், பொம்மைகள் அடுக்கிய தட்டுக்குக் கீழே, குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். அக்கா பக்கத்து மேஜையில் தொலைபேசியை இழுத்து வைத்துக்கொண்டாள்.

காரணம் கேட்ட அந்தக் கட்டத்தை எலி மறுபடி திறந்தாள். "சிறு பிழை" இரண்டு சொல்லையும் அழித்தாள். எழுதினாள்: "இந்த வெர்ஷனைப் பயன்படுத்தாதீர்கள். பல துண்டுகள் ஒட்டிய ஃபைலைப் பிரித்தால் முதல் துண்டு மட்டும் வரும், பிழை காட்டாது. பிரித்ததை வைத்துக்கொண்டு மூலத்தை அழித்திருந்தால் மீதி போய்விட்டது. இதனால் பதிவுகள் இழந்த ஓர் இடத்தை நான் நேரில் பார்த்தேன். தேவையில்லை என்று நினைத்துச் சரிபார்க்காமல் பதினொரு வரிகளை நீக்கியது நான்." அனுப்பும் முன் படித்தாள். மூன்று முறை படிக்கவில்லை. அனுப்பிவிட்டாள்.

முன்பின் தெரியாத அந்த மனிதருக்குத் தனியாக ஒரு வரி. "நீங்கள் தப்பாக எதுவும் செய்யவில்லை. மூலத்தை அழித்துவிடாதீர்கள்."

அதன் பிறகும் அவள் நிரலைத் தொடவில்லை. முதலில் மூன்று துண்டு ஒட்டிய ஒரு ஃபைலை வைத்து டெஸ்ட் எழுதினாள். ஓட்டினாள். சிவப்பு. சிவப்பைப் பார்த்து நிம்மதியாக இருந்தது அதுதான் முதல் தடவை. பிறகு அந்தப் பதினொரு வரிகளைத் திரும்ப வைத்தாள். அவற்றுக்கு மேலே, இது ஏன் இங்கே இருக்கிறது என்று இரண்டு வரி விளக்கமும் எழுதினாள். முதலில் எழுதியவர் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான்.

பக்கத்தில் அக்கா நாலு பேரிடம் பேசி முடித்திருந்தாள். ஒருவர் திட்டியது பெஞ்சுவரை கேட்டது. ஐந்தாவது எண் நெடுநேரம் அடித்தது. எலி விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"ஆங், நான் ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேன். ரயில்லதான் இருக்கீங்களா?... இல்லங்க, இல்லங்க, புள்ளைக்கு ஒண்ணுமில்ல. மொதல்ல அதைக் கேட்டுக்குங்க. புள்ளை நல்லா இருக்கான். நீங்க குடுத்த பதிவு இங்க அழிஞ்சு போச்சு. மறுபடி ஒருதடவை பெட்டி கட்டணும்... ஆமாங்க, அதுவரைக்கும் மருந்து அதே அளவுதான்." அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "தெரியுதுங்க. தூங்கிடறான்னு சொன்னீங்க, ஞாபகம் இருக்கு... உங்க மேல தப்பில்ல. எங்க தப்பு."

"என் தப்புன்னு சொல்லு" என்றாள் எலி.

அக்கா தொலைபேசியின் வாயைக் கையால் பொத்தினாள். "நீ தட்டுடி."

பிறகு கையை எடுத்துவிட்டு, அடுத்த ரயில் எந்தக் கிழமை என்று அந்தத் தாயிடம் விசாரிக்க ஆரம்பித்தாள். எலி திரும்பித் திரையைப் பார்த்தாள். டெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் அவளுடைய அறிவிப்புக்குக் கீழே மூன்று பேர் எழுதியிருந்தார்கள். முதல் ஆளின் செய்தியைத் திறந்தாள்.